லீ சுகமோ?

வெட்கத்தை விட்டு முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கடாட்சம் அண்ணை போய்விட்டார் என்று அவருடைய மனைவி மங்கை அக்கா தொலைபேசியில் சொன்னபோது, நான் எப்போது என்று கேட்கவில்லை. எப்படி என்றும் கேட்கவில்லை. "ஐயோ" என்று ஒரு சொல் சொன்னதாகக்கூட நினைவில்லை. நான் இருக்கும் ஷ்லீரனில் ஒரு கடையில் வெங்காயத்தைத் தராசில் வைத்துவிட்டு, அதற்கு எந்த இலக்கத்தை அமத்துவது என்று தெரியாமல் நின்றிருந்த நான் கேட்டது இதுதான்: "அக்கா, அண்ணை அந்தச் சொல்லைச் சொல்லிப்போட்டோ போனவர்?"

அக்கா சொன்னார்: "ஒண்டும் சொல்லேல்லைத் தம்பி. வேலையாலை வந்து சப்பாத்துக் கழட்ட இருந்தவர். சோறு போடவோ எண்டு கேட்டன். இப்ப வேண்டாம் எண்டவர். அவ்வளவுதான்."

செத்தவீட்டில் அக்கா வந்தவர்களுக்கெல்லாம் என்னைக் காட்டிச் சொல்லிக்கொண்டிருந்தார். எல்லாரும் என்ன வருத்தம், எத்தனை மணிக்கு என்றுதான் விசாரித்தார்களாம். அவருடைய கடைசிச் சொல் என்னவென்று கேட்டது இந்தத் தம்பி ஒருவர்தானாம், அவ்வளவு பாசமாம். நான் தலையைக் குனிந்துகொண்டு நின்றேன். அதையும் துக்கம் என்றே எடுத்துக்கொண்டார்கள். உண்மையில் அந்த நேரம் எனக்குக் கோபம்தான் வந்துகொண்டிருந்தது. பன்னிரண்டு வருட வழக்கொன்றைத் தீர்ப்புச் சொல்லும் நாளில் நீதிபதி எழும்பிப் போய்விட்டால் உங்களுக்கு எப்படி இருக்கும்? எனக்கு அப்படி இருந்தது. போதாததற்கு அந்தத் தொலைபேசி வந்த அன்று வெங்காயத்துக்கு உள்ளிப்பூண்டின் விலையைக் கொடுத்துவிட்டும் வந்திருந்தேன்.

அந்தியேட்டிச் சடங்குக்கு வெளியிடும், கல்வெட்டு என்கிற இந்த நினைவுமலரில் இரண்டு பக்கம் எழுதித் தரும்படி கேட்டது மங்கை அக்காதான். "பகிடி விடாமல் எழுதுங்கோ" என்றும் சொன்னார். முயற்சி செய்கிறேன். ஆனால் அண்ணையைத் தெரிந்த உங்களுக்குத் தெரியும், அவரைப் பற்றிப் பகிடி விடாமல் எழுதுவது அவரைப் பற்றி எழுதாமல் விடுவதுதான்.

எங்கள் பழக்கம் ஒரு பிழையில் தொடங்கியது. பிழை என்னுடையது. அப்போது நம்மவர் நடத்திய மாத இதழ் ஒன்றில் நான் ஓர் இங்கிலீசுக் கடற்கதையைத் தமிழாக்கித் தொடராக எழுதிக்கொண்டிருந்தேன். இங்கிலீசு எனக்கு ஓரளவு வரும் என்று என்னை அறியாதவர்கள் நம்பிய காலம் அது. புயலடித்த இரவில் கப்பல் ஒரு தீவின் 'லீ'யில் கிடந்தது என்று மூலத்தில் இருந்தது. நான் இப்படி எழுதினேன்: "புயலில் தப்பிய மாலுமிகள் அன்றிரவு தீவைச் சேர்ந்த லீ என்பவரிடம் தங்கினார்கள்." ஆளின் பெயர் என்றால் பெரிய எழுத்தில் தொடங்கவேண்டுமே என்று ஒரு கணம் யோசித்தேன். அச்சுப் பிழை என்று நானே திருத்திக்கொண்டேன். அடுத்த அத்தியாயத்திலும் புயல் வந்தது, லீயும் வந்தார். இந்த முறை பாறையருகே நின்றார்.

அந்த வாரம் ஏரிக்கரை ஊரான துன்னிலிருந்து ஓர் அழைப்பு.

"தம்பி, நான் கடாட்சம் கதைக்கிறன். இஞ்சை ஏரிக் கப்பலிலை குசினியிலை சமையல் வேலை. கதை நல்லாப் போகுது. ஒரேயொரு சந்தேகம். இந்த லீ எண்டவர் புயலடிக்கேக்கை மட்டும்தான் வருவாரோ?"

எனக்கு விளங்கவில்லை. அவரே விளக்கினார். காற்று ஒரு பக்கத்தால் அடிக்கும்போது, தீவோ பாறையோ கப்பலோ அதை மறித்து, மற்றப் பக்கத்தில் காற்றுப் படாத ஓர் இடம் உண்டாகுமே, அதன் பெயர்தான் லீ. அவருடைய கப்டனும் டொச்சில், அதாவது ஜெர்மன் மொழியில், அப்படித்தான் சொல்வாராம், இரண்டு மொழிக்கும் ஒரே எழுத்து. நான் பதிலுக்கு, வாசகர்கள் லீயை மிகவும் விரும்புகிறார்கள் என்றேன். "விரும்பினால் வைச்சிரும். கலியாணம் கட்டிக் குடுத்துப்போடாதையும்" என்றார்.

அதற்குப் பிறகு என்னைக் கண்டாலும் தொலைபேசி எடுத்தாலும் அவர் வணக்கம் சொன்னதே இல்லை. "லீ சுகமோ?" என்பார். என் மனைவி அதைக் கேட்டுக் கேட்டு, என்னோடு வேலை செய்யும் சீனாக்காரர் ஒருவரைத்தான் இருவரும் கதைக்கிறோம் என்று நம்பி, அவரையும் ஒருநாள் சாப்பிடக் கூப்பிடுங்கோ என்று சொன்னார்.

என் மானத்தைக் காப்பாற்ற ஒரே வழி அந்த இங்கிலீசுச் சொல்லுக்குச் சரியான தமிழ் கண்டுபிடிப்பதுதான் என்று தீர்மானித்தேன். அண்ணையும் கூட்டுச் சேர்ந்தார். கூட்டு என்றால், நான் சொல் கொண்டுவருவது, அவர் வேண்டாம் என்பது. மற்றபடி அவர் என் பக்கம் வந்ததில்லை. என் முதலிரண்டு தொகுப்புகளின் வெளியீட்டுக்கும் அழைத்தேன். "சீசனிலை ஞாயிறு லீவு கேட்டால், கப்பலையே கேட்ட மாதிரிப் பாக்கிறாங்கள்" என்றார். இங்கே எல்லாரும் விடுமுறையை ஃபெரியன் என்று சொல்லும்போது அவர் மட்டும் விடாமல் லீவு என்றே சொல்வார். ஃபெரியன் முதலாளி தருவது, லீவு நாங்கள் எடுப்பது என்பது அவர் கட்சி. என் புத்தகத்துக்குத் தப்ப இதுவும் ஒரு சாட்டு என்று நான் நினைத்துக்கொண்டேன்.

ஆகவே நான்தான் துன்னுக்குப் போவேன். கப்பல் கரையில் நிற்கும் நேரங்களில், பின்தளத்து வாங்குப் பலகையில் இருந்துகொண்டு, அவர் புரோக்கி என்கிற பழைய சாமான் கடையில் வாங்கிய தலையணை மொத்தத்து இங்கிலீசு அகராதியைப் பிரிப்பார். சொற்களின் பிறப்பு வளர்ப்பெல்லாம் சொல்லும் அகராதி. அதன்படி லீ முற்காலத்தில் 'ஹ' என்ற மூச்சோடு தொடங்கிய சொல். மூடி, காப்பு என்று பொருள். வடகடல் ஓரத்து மொழிகளிலெல்லாம் அதற்குச் சகோதரங்கள் இருந்தன. அந்தக் காலத்துப் பாட்டுகளில் அரசனையே அந்தச் சொல்லால் அழைத்திருக்கிறார்கள், வீரர்களைக் காக்கிறவன் என்று. "பாரும், ராசாவுக்கு வைச்ச பேர். இப்ப காத்து வராத பக்கத்துக்கு வந்து நிக்குது. எங்கடை ஆக்கள் இஞ்சை வந்த மாதிரி" என்றார். முன்னால் இருந்த அந்த 'ஹ' எங்கே போனது என்று கேட்டேன். காற்று அடித்துக்கொண்டு போய்விட்டதாம்.

இன்னொரு நாள் ஆறிப்போன தேத்தண்ணி ஒன்றைத் தந்தார். முகத்தைச் சுளித்தேன். "இதுக்கு டொச்சிலை என்ன? லாவ். சுடவுமில்லைக் குளிரவுமில்லை. இந்த லாவும் உம்மடை லீயும் ஒரு வயித்துப் பிள்ளையள். காத்துப் படாத இடம் கொஞ்சம் சூடாயிருக்கும்தானே?" என்றார். அகராதியும் அப்படித்தான் சொன்னது. வைன் போத்தலின் அடியில் தங்கும் மண்டிக்கும் லீ போல ஒரு சொல் உண்டாம், அது வேறு குடும்பம். லீ என்ற இங்கிலீசுக் குடும்பப் பெயரும் காட்டை வெட்டிய வெளியிலிருந்து வந்ததாம், காற்றுக்கும் அதற்கும் ஒரு தொடர்புமில்லை. "ஆக, உம்மடை ஆள் எந்த வழியாலை வந்தாலும் புயலுக்கு உதவான்" என்று அகராதியை மூடினார்.

அவரை அறிஞர் என்று நினைத்துவிடாதீர்கள். அதே மனிதர்தான் ஒருநாள் அழைத்து, லீ தமிழ்ச் சொல்தான் என்று அறிவித்தார். "இல் எண்டால் வீடு. வீடு எண்டால் காத்துப் படாத இடம். திருப்பி வாசியும், லீ."

"திருப்பினால் லி தானே அண்ணை வரும்? நெடில் எங்கையிருந்து வந்தது?"

"கடற்காத்திலை நீண்டிட்டுது."

நான் கொண்டுபோன சொற்களுக்கு நடந்ததைச் சொன்னால் உங்களுக்கும் கோபம் வரும். முதலில் 'ஒதுக்கு' என்றேன். மழைக்கும் பள்ளிக்கூடப் பக்கம் ஒதுங்காதவன் என்று நம்மவர் சொல்வதில்லையா? ஒதுங்கும் இடம் ஒதுக்கு. அவர், அது மழைக்கு, காற்றுக்கு ஆர் ஒதுங்கினது என்றார். அதோடு, "எங்களை ஏற்கெனவே எல்லாரும் ஒதுக்கித்தான் வைச்சிருக்கினம். கப்பலிலையுமோ?" என்றும் கேட்டார். பூமிசாத்திரப் புத்தகத்தில் 'காற்றொதுக்கு' என்று இருக்கிறதே என்றேன். அதை வாய் திறந்து சொல்லி முடிக்கமுன்னம் வள்ளம் கவிழ்ந்துவிடுமாம். லீ ஓர் எழுத்து, தமிழும் ஓர் எழுத்தில் வேண்டுமாம். 'தஞ்சம்' என்றேன். "தஞ்சம் எண்டால் முதலிலை பேட்டி எடுப்பாங்கள். பிறகு பதிலுக்கு வருசக்கணக்காக் காத்திருக்கவேணும். அதுக்கிடையிலை காத்து நிண்டிடும்." அகதி விண்ணப்பத்துக்கான அந்தப் பேட்டிக்குப் போயிருந்த நாங்கள் இருவரும் அதற்குச் சிரித்த சிரிப்பில், கப்பலில் ஏறிக்கொண்டிருந்த வெள்ளைக்காரக் கிழவி ஒருவர் திரும்பி இறங்கப் பார்த்தார்.

கடைசியாக, மிகுந்த நம்பிக்கையோடு, 'காற்று மறைவு' என்றேன். அண்ணை என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்.

"மறைவு எண்டால் செத்தவீட்டு நோட்டீஸ். கப்டன் ஒருத்தன் 'மறைவுக்குப் போ' எண்டால் ஆர் போவான்?"

எல்லாவற்றிலும் எனக்கு மறக்காதது ஒரு பின்னேரம். கப்பல் ஓடிக்கொண்டிருந்தது, பீஸ என்கிற அந்த வடகீழ்க் குளிர்காற்று காதை அறுத்தது. அவர் என்னைத் தள்ளிக்கொண்டுபோய்க் காற்றுப் படாத பக்கத்தில் நிறுத்தினார். இது லீ என்றார். பிறகு அந்தப் பக்கத்தால் தெரிந்த கரையைக் காட்டினார். அந்தக் கரைக்கும் லீக் கரை என்றுதான் பெயராம். காற்று கப்பலைத் தள்ளிக்கொண்டுபோய் அடிப்பது அந்தக் கரையில்தான், மாலுமிகள் புயலைவிட அதற்குத்தான் பயப்படுவார்களாம். ஒரே சொல், கப்பலுக்குள் காப்பாற்றும், கப்பலுக்கு வெளியே ஆளை முடிக்கும். இதற்கு ஓர் எழுத்தில் தமிழ் கொண்டுவா என்றால் எப்படி என்று நான் அலுத்துக்கொண்டேன். அவர் கரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "லீ கிடைச்சிட்டுதெண்டு நிம்மதியா நிக்கேக்கைதான் தம்பி, கரை வந்து இடிக்கும்." பிறகு உருளைக்கிழங்கு உரிக்க உள்ளே போய்விட்டார்.

இப்போது அவர் கடைசியாக விட்ட செய்திக்கு வருகிறேன். இந்த வைகாசியில் என் மூன்றாவது தொகுப்பின் வெளியீடு ஷ்லீரனில் ஒரு ஞாயிறு நடக்க இருந்தது. அதற்கு முன் புதன்கிழமை, நான் வேலையில் நின்ற நேரம், அண்ணை என் கைத்தொலைபேசியில் குரற்செய்தி விட்டிருந்தார். அன்று துன் பக்கம் ஃபோன் காற்று. தெற்கேயிருந்து மலையேறி, இந்தப் பக்கம் சூடாக விழுந்து எல்லாருக்கும் தலையிடி தரும் காற்று. தொலைபேசிக்கும் அந்தக் காற்றுக்கும் ஒரே பெயரை வைத்தவன் யாரோ தெரியாது, அன்று இரண்டும் ஒன்றையொன்று விழுங்கிவிட்டன. இரைச்சலுக்கிடையில் கேட்டது இவ்வளவுதான்: "தம்பி, லீ..." பிறகு ஓர் ஊளை. "...கிடைச்சிட்டுது. எத்தனை வருசமாக் கேட்டது. சரி, ஞாயிறு வாறன். மிச்சம் நேரிலை."

நான் திருப்பி எடுத்தேன், அவர் எடுக்கவில்லை. எடுக்கவும் மாட்டார், என்னைத் தவிக்கவிடுவதில் அவருக்கு அவ்வளவு சந்தோசம் என்று பல்லைக் கடித்தேன். மேடையில் ஏறி, என் புத்தகத்தை ஓரமாக வைத்துவிட்டு, அந்தச் சொல்லைத்தான் வெளியிடப்போகிறார் என்று பயந்தேன். வெள்ளிக்கிழமை மங்கை அக்கா எடுத்தார்.

வெளியீட்டைத் தள்ளிவைத்தேன். அதற்குச் சொல்லிவைத்திருந்த மரக்கறி ரோல்ஸ் செத்தவீட்டுக்குப் போனது. மண்டபத்து வாசலில் ஒட்டியிருந்த நோட்டீசில் 'திரு. கடாட்சம் அவர்களின் மறைவு' என்று கொட்டை எழுத்தில் கிடந்தது. அதைப் பார்த்ததும் எனக்கு வந்தது சிரிப்பா வேறெதுவுமா என்று தெரியாமல் குளியலறைக்குள் போய் நின்றேன்.

திரும்பி வந்தபோது அவருடைய கப்டன், இப்போது ஓய்வுபெற்றுவிட்ட பெரிய உருவம், என்னருகே வந்து தமக்கு ஒரு தமிழ்ச் சொல் தெரியும் என்றார். "ஒத்துக்கூ" என்றார். பீஸ அடிக்கும் நாட்களில் கடாட்சம் குசினிக் கதவால் தலையை நீட்டி, ஒத்துக்கூ, ஒத்துக்கூ என்று கத்தி எல்லாரையும் லீப் பக்கம் அனுப்புவாராம். லீக்குத் தமிழ் அதுதான், மூவாயிரம் வருடப் பழமையான சொல், அவர் நண்பர் ஒருவர் கண்டுபிடித்துத் தந்தது என்று சொல்லியிருக்கிறாராம்.

என் ஒதுக்கு! என் முகத்துக்கு நேரே வேண்டாம் என்று தள்ளிய சொல்லைக் கப்பல் முழுவதும் ஓடவிட்டிருக்கிறார். பெட்டியில் கண்மூடிக் கிடந்தவரிடம் போய்ச் சண்டை பிடிக்க முடியாது. பிடித்தேன், மனதுக்குள்.

ஆனால் அது என் எரிச்சலை இன்னும் கூட்டியது. ஒதுக்கு அவரிடம் ஏற்கெனவே இருந்தது என்றால், அந்தப் புதன்கிழமை கிடைத்தது எது? அண்ணையின் மகன் பிரணவனைக் கேட்டேன். இங்கேயே பிறந்த பிள்ளை. "விண்ட்ஷாட்டன் எண்டால் காணாதோ, மாமா? காத்தின்ரை நிழல்" என்றான். நல்ல சொல்தான், ஆனால் அப்பன் மகனுக்குச் சொல்லிவைத்த சொல் இல்லை. அவருடைய சிநேகிதர்களைக் கேட்டேன். ஐயரைக் கேட்டேன், அவர் ஆத்மா சாந்தியடைய என்ன செய்யலாம் என்று விளக்கினார். என் ஆத்மாவைப் பற்றித்தான் கேட்டேன் என்று சொல்ல முடியவில்லை.

போன கிழமை தனியாகத் துன்னுக்குப் போய், காசு கொடுத்து ரிக்கற் எடுத்துக் கப்பலேறினேன். அதே பக்கம், அதே வாங்கு. நடு ஏரியில் அது வந்தது. கா. ஓர் எழுத்து, நெடில். காப்பது கா. நிழல் தரும் சோலையும் கா. ராசாவுக்கும் பொருந்தும், மரத்துக்கும் பொருந்தும், கத்தினால் கப்பல் முழுக்கக் கேட்கும். கத்தியும் பார்த்தேன். பக்கத்து வாங்கில் இருந்த பெண் தன் பையை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

பிறகு நான் காத்திருந்தேன். 'காகத்தைக் கூப்பிடுறீரோ?' என்று குசினிக் கதவு கேட்கவேண்டும். கேட்கவில்லை. பன்னிரண்டு வருடத்தில் முதல் தடவையாக என் சொல்லை ஒருவரும் வேண்டாம் என்று சொல்லவில்லை. இதைவிட எரிச்சலான வெற்றி எனக்கு வாழ்க்கையில் கிடைத்ததில்லை. அவர் கண்டுபிடித்ததும் இதுதானா? இதைவிட நல்லதா? மனிதர் இரண்டு நாள் பொறுத்திருக்கக்கூடாதா?

அவரிடமிருந்து நான் வைத்துக்கொள்வது என்ன என்று கேட்டால், அந்தக் குரற்செய்தியை அழிக்காமல் வைத்திருக்கிறேன். இனி எந்தச் சொல்லை எழுதினாலும், துன்னில் ஒருவர் அதைக் கையில் எடுத்து மணந்துபார்த்து, வேண்டாம் என்பார் என்ற பயத்தை வைத்துக்கொள்கிறேன். எல்லாவற்றுக்கும் மேலாக, அப்படி ஒரு சொல் இருக்கிறது, இத்தனை வருடம் தேடி அவர் அதைக் கண்டுபிடித்தார், எனக்குச் சொல்லவே வர இருந்தார் என்ற நிச்சயத்தை வைத்துக்கொள்கிறேன். அது எனக்குப் போதும்.

இதுவரை எழுதியதை அச்சுக்குக் கொடுக்கமுன் மங்கை அக்காவுக்கு வாசித்துக் காட்டினேன். பகிடிகளை மன்னித்தார். அந்தக் குரலை ஒருமுறை கேட்கவேண்டும் என்றார். போட்டேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு கேட்டார். இன்னொருமுறை போடச் சொன்னார். அச்சகத்தில் இதற்காகக் காத்துக்கொண்டிருக்கிறார்கள், இனி மாற்றி எழுத நேரமில்லை. ஆகையால் அவர் சொன்னதை அப்படியே சேர்த்துவிடுகிறேன்.

"இது லீ இல்லைத் தம்பி, லீவு. உங்கடை புத்தக வெளியீட்டுக்கு வரவெண்டு ஒரு ஞாயிறு கேட்டுக் கேட்டு, இந்த வருசம்தான் குடுத்தவங்கள்."